இ4 இருக்கையின் அஞ்சல்பெட்டி

நாவலடிப்பேட்டையில் ஒருவனுக்குக் கிணறு இருந்தால் மட்டும் போதாது. அது கிணறுதான் என்று எழுதிக் கொடுக்க ஓர் அலுவலகமும் வேண்டும். கிணற்றுப் பதிவு வாரியம் என்ற பெயரில் அப்படி ஓர் அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆழம் எத்தனை, அகலம் எத்தனை, நாலு பக்கமும் யார் நிலம் என்று கேட்பார்களே தவிர, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. ஊரில் வற்றிப்போன கிணறெல்லாம் அந்த அலுவலகத்துப் பதிவேட்டில் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, இருக்கைக்குத்தான் பெயர். அ1, அ2, ஆ1, ஆ2, பிறகு இ வரிசையில் நாலு, எல்லோருக்கும் மேலே ஒரு சூப்பிரண்டு, ஆக ஒன்பது. அ1-க்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்பார்கள், இ1 மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பார்கள், ஆ1-க்கும் அவர் சம்சாரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பார்கள். நாற்காலிக்கு ஏது சர்க்கரை, நாற்காலிக்கு ஏது சம்சாரம் என்று எவரும் திருப்பிக் கேட்டதில்லை. ஆள் மாறுவான், ஓய்வு பெறுவான், செத்தும் போவான், இருக்கை இருக்கும் என்பது அந்த மாடியின் வேதம். பின்னால் நடந்ததற்கெல்லாம் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் பாவம், அங்கே ஏற்கெனவே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததை அதுவும் நம்பிவிட்டது.

இ4-ல் இருந்தவர் சூசைராஜ். ஊழியர்களின் நியமனம், விடுப்பு, அவர்கள் வீட்டார் கொடுக்கும் மனு எல்லாம் அவர் கையில். ஒரு மதியம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தார். அது அவர் வழக்கமாகக் கண்ணயர்கிற நேரம் என்பதால் ஒருவரும் எழுப்பவில்லை. தேநீர் வந்து, ஆறி, ஆடை படிந்த பிறகுதான் பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு குளிர்ந்திருந்தது.

கல்லறைத் தோட்டத்தில், மண் போட்ட கையைத் துடைக்காமலே சூப்பிரண்டு வைத்தியலிங்கம் சூசைராஜின் மனைவி பிலோமினாவிடம் வந்தார். "தங்கச்சி, அந்த நாற்காலி உனக்குத்தான். வேற ஒருத்தரையும் அதுல உட்கார விடமாட்டேன். இது சத்தியம்," என்றார். அவர் சொன்னது சும்மா ஆறுதலுக்குச் சொன்னதல்ல. பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு அதே வேலை கொடுக்கலாம் என்று வாரியத்தில் விதி இருந்தது. பிலோமினா பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள், வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள், ரெஜினா என்று ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மனு எழுதினாள், வாரிசுச் சான்று வாங்கி இணைத்தாள், கொடுத்தாள்.

ஆனால் விதிக்குப் பின்னால் இன்னொரு விதி இருந்தது. காலி இடங்களைத் தலைமை அலுவலகம் தானாகக் கேட்கும், கேட்கும்போதுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஓர் இடம் காலி என்று தெரிந்தால், ஆளில்லாமலே வேலை நடக்கிறதே, இந்த இடம் எதற்கு என்று இடத்தையே வெட்டிவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதைக் கரைத்துக் குடித்தவர் வைத்தியலிங்கம். அதனால் மாதம்தோறும் மேலே போகும் அறிக்கையில், "இ4: பணி நடைபெற்று வருகிறது, நிலுவை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வேலையை மற்ற ஏழு பேரும் முணுமுணுத்துக்கொண்டே பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆய்வுக்கு யாராவது திடீரென்று வந்தால் ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல இருக்க வேண்டும் என்று, அலுவலக உதவியாளர் ஒச்சப்பன் காலையில் வந்ததும் இ4-க்கு மேலே உள்ள மின்விசிறியைப் போட்டு, மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, ஒரு பேனாவைத் திறந்தே வைப்பான். எல்லாம் அவளுக்காக நல்ல மனசோடு செய்தது. கெட்ட மனசோடு செய்திருந்தால் பாதியில் அலுத்துப்போய் விட்டிருப்பார்கள்.

பிலோமினா மாதம் ஒருமுறை வருவாள். இ4-ன் மேசை ஓரத்தில் நின்றபடி, சுழலும் விசிறியையும் திறந்த பேனாவையும் பார்த்துவிட்டு, "ஏதாவது வந்துச்சா சார்?" என்று கேட்பாள். "வரும்மா," என்பார் வைத்தியலிங்கம். ஆ2 இருக்கையின் தில்லைக்கரசி அவளைக் கூட்டிப்போய்ச் சாப்பாட்டு நேரமானால் தன் டப்பாவில் பாதியைக் கொடுப்பாள். அவர்கள் எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள், இதை மறுப்பதற்கில்லை.

இப்படி இருக்கையில்தான் தலைமை அலுவலகம் காகிதத்தைக் குறைக்கச் சொல்லி, ஒப்புதல் பெற்ற இருக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வீதம் ஒன்பது கம்ப்யூட்டர்களை லாரியில் அனுப்பி, இனி அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் ஈமெயிலில்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் போட்டது. கடைவீதியில் முன்பு ரேடியோ பழுது பார்த்து, பிறகு மிக்சி பழுது பார்த்து, அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த ரஃபீக் பாய்தான் வந்து கட்டிக் கொடுத்தார். பழைய பெட்டி ஒன்றைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மூலையில் வைத்து, அதிலிருந்து சுவரோரமாக நீல வயர்களை ஒவ்வொரு மேசைக்கும் இழுத்தார்.

"இந்த மூலைல இருக்கிற பெட்டிதான் உங்க போஸ்ட் ஆபீஸ்," என்று எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். "ஒவ்வொரு மேசைக்கும் இதுக்குள்ள ஒரு தபால்பெட்டி, அதுக்கு ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு. நீங்க அனுப்புறது இந்தப் பெட்டிக்கு வந்து உட்காரும், எதிர் மேசைக்காரர் திறந்து எடுத்துக்குவாரு. இது டவுன் பஸ் மாதிரி. ஊருக்குள்ளயே சுத்தும், வெளியூர் போகாது."

பெட்டிகளுக்கு ஆட்களின் பெயரை வைக்கலாமா என்று ரஃபீக் கேட்டதற்கு அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். இருக்கைப் பெயரைத்தான் வைத்தார். இ4-க்கு வந்ததும் கை நின்றது.

"சார், இதுல ஆளே இல்லியே?"

"பாய், அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க," என்றார் வைத்தியலிங்கம். "ஆள் இல்லேன்னா இடம் போயிரும். இடம் போனா ஒரு பொம்பளப் பிள்ளையோட பொழப்பு போயிரும். போடுங்க பெட்டி."

"பாஸ்வேர்டை யார்ட்ட சொல்லுறது?"

வைத்தியலிங்கம் அன்று உற்சாகமாக இருந்தார். "அந்த நாற்காலிட்ட சொல்லிட்டுப் போங்க," என்றார்.

ரஃபீக்கும் கிண்டல்காரர்தான். குனிந்து, நாற்காலியின் சாய்மானத்தில் வாயை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு, ரகசியமாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அலுவலகமே சிரித்தது. அப்புறம் சோதனைக்காக எல்லாப் பெட்டிகளுக்கும், "வணக்கம். கிடைத்தால் பதில் அனுப்பவும்" என்று ஒரு மெயில் தட்டினார். அ1 கம்ப்யூட்டர் எலியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார், இ1 கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், தில்லைக்கரசி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு முதல் பதில் வந்து விழுந்தது: "கிடைத்தது. தங்கள் பணிவுள்ள, இ4."

ரஃபீக் திரையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பேனா திறந்திருந்தது. "லைன் நல்லா போகுது சார்," என்று சொல்லிவிட்டு, மிச்ச வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் பூதம் கிளம்பினால் பயந்து ஓடுவார்கள் என்பது கதைக்குத்தான். அலுவலகத்தில் பூதம் கிளம்பினால் முதலில் அதன் தலையில் எந்தக் கோப்புக் கட்டை வைக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். மறுநாள் ஆ1, மூன்று பங்காளிகள் ஒரே கிணற்றுக்குச் சண்டை போட்டுக் கொடுத்த, இரண்டு வருஷமாகத் தன்னைத் தூங்கவிடாத ஒரு சிக்கலை, சும்மா விளையாட்டாக இ4-க்கு அனுப்பிப் பார்த்தார். மதியத்துக்குள், எந்த விதிப்படி யாருக்கு எவ்வளவு என்று ஒரு காற்புள்ளி பிசகாமல் குறிப்பு வந்துவிட்டது. ஆ1 அதைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் இன்னொன்றை அனுப்பினார். அவர் சொல்லாததையே அ2-வும் சொல்லவில்லை, இ1-ம் சொல்லவில்லை, ஆளுக்கு ஆள் தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்து அனுப்பி அனுப்பி, ஒரு மாதத்துக்குள் அந்த மாடியின் வேலை முழுவதும் சுவரோர நீல வயர் வழியாக ஒழுகி இ4-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு மாதத்தில் நடக்கும் காரியம் ஆறு நாளில் நடந்தது. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் மாடிப்படி ஏறும்போதே, "இ4 ஐயா இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள், கையை நீட்டாத ஒரே அதிகாரி என்று பேர் பரவி, ஒருத்தர் ஒரு பரங்கிக்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதை ஒச்சப்பன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொரியல் செய்தான். தேநீரும் ஒன்று கூடுதலாக வந்தது. ஆறும் வரை இ4-ல் வைத்திருந்துவிட்டு, பிறகு அவனே குடித்தான். ஆயுத பூஜைக்கு மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பொட்டு வைத்தவர்கள், இ4-க்கு மாலை போட்டார்கள்.

சங்கம் ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது மட்டும் கொஞ்சம் கசப்பு வந்தது. எல்லோரும் வாசலில் நின்று முழக்கம் போட்டுக்கொண்டிருக்கையில் மேலே இ4 பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, "கருங்காலி இ4-ஐக் கண்டிக்கிறோம்" என்று தூணில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, முந்தின நாள் நின்றுபோன தங்கள் வேலைகளையெல்லாம் இ4-க்கு அனுப்பினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மெயில் வந்த பிறகு அந்த மாடியில் பேச்சு நின்றுபோனது. எதிரெதிர் மேசைக்காரர்கள் தலை நிமிராமல் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். தும்மினால்கூட "நூறு வயசு" என்று மெயிலில்தான் வரும். வைத்தியலிங்கம் எதற்கும் ஒரே சொல்லில் பதில் அனுப்பக் கற்றுக்கொண்டார்: "பார்த்தேன்."

அடுத்த முறை பிலோமினா வந்தபோது அந்த அமைதி அவளை என்னவோ செய்தது. தில்லைக்கரசிதான் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"பிலோமி, உங்க வீட்டுக்காரர் சீட்டுல இருந்து பதில் வருது. எல்லாத்துக்கும் வருது. நாங்க யாரும் எழுதல."

பிலோமினா தூணைப் பிடித்துக்கொண்டாள். "அவரா?"

"தெரியலடி. வா, நீயே கேட்டுப் பாரு."

தில்லைக்கரசியின் மேசையில், தில்லைக்கரசியின் பெட்டியிலிருந்து, பிலோமினா சொல்லச் சொல்லத் தில்லைக்கரசி அடித்தாள்: "நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பெய்ஞ்சப்ப நீங்க எதை உங்க கோட்டுக்குள்ள வச்சு நனையாமக் காப்பாத்துனீங்க?" அனுப்பிவிட்டு இரண்டு பேரும் இ4-ஐத் திரும்பிப் பார்த்தார்கள். விசிறிக் காற்றில் தம்ளரின் தண்ணீர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பதில் உடனே வந்தது: "தாங்கள் கோரிய விவரம் இவ்விருக்கையின் கோப்புகளில் இல்லை. தங்கள் பணிவுள்ள, இ4."

பிலோமினா அதை இரண்டு தரம் படித்தாள். "அவர் இல்ல," என்றாள். "அவருக்குத் தெரியலேன்னா பேச்சை மாத்துவாரு, இல்லேன்னா கோவிச்சுக்குவாரு. தெரியலேன்னு ஒருநாளும் ஒத்துக்க மாட்டாரு."

"பின்ன யாரு?"

"யாருமில்ல. நாற்காலிதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னும் ஒண்ணு கேளுங்கக்கா. நான் அங்க உட்காரலாமான்னு கேளுங்க."

"தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது," என்று வந்தது.

எதைக் காப்பாற்றினார் என்று தில்லைக்கரசி படியிறங்கும்போது கேட்டாள். "போட்டோக்காரரோட கேமராவ," என்றாள் பிலோமினா. "நான் முழுசா நனைஞ்சேன். படம் நல்லா வந்திருக்கு." சொல்லும்போது அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதாள்.

அந்த வருஷம் கார்த்திகையில், அவள் எத்தனையோ மெழுகுவத்தி ஏற்றிக் கேட்டது கடைசியில் வந்தது. காலி இடங்களையும் அவற்றுக்கு உரிய வாரிசு மனுக்களையும் மாத முடிவுக்குள் அனுப்பவும், தவறினால் மனுக்கள் காலாவதியாகும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தபால். வைத்தியலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒச்சப்பனை சைக்கிளில் விரட்டி பிலோமினாவுக்குச் சொல்லியனுப்பினார். அவள் வந்து படியேறும்போது, ரெஜினாவின் பள்ளிக்கூடத்தில் அம்மா வேலை என்ற இடத்தில் இனி என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே ஏறினாள்.

ஆனால் எந்த வேலை எந்த இருக்கைக்கு என்று பங்கீடு ஒன்று இருந்தது. நியமனமும் வாரிசு மனுவும் இ4-ன் வேலை. வேறெந்த இருக்கை அந்தக் குறிப்பை எழுதினாலும் செல்லாது. அதனால் என்ன, மற்ற எல்லாவற்றையும் எழுதுகிற கை இதையும் எழுதட்டும் என்று வைத்தியலிங்கம் தபாலை இ4-க்கு அனுப்பினார். அவருக்கு எதிரே பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். பதில் வந்தது. அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இ4 இருக்கையில் பணி தொடர்ந்து நடைபெற்று வருகிறது. நிலுவை ஏதும் இல்லை. இதனைத் தாங்களே மாதந்தோறும் சான்றளித்துள்ளீர்கள். எனவே பணியிடம் காலியாக இல்லை. மனுவை நிராகரிக்கலாம். தங்கள் பணிவுள்ள, இ4."

அவர் வாய்விட்டுப் படித்ததைக் கேட்ட பிலோமினா முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். "சார், நாற்காலி சொல்லுது. நீங்க சொல்லுங்க. அங்க ஆள் இருக்கா, இல்லியா? திரும்பிப் பாருங்க."

வைத்தியலிங்கம் திரும்பவில்லை. காலி என்று அவர் எழுதினால் இத்தனை வருஷம் போட்ட கையெழுத்தெல்லாம் பொய் என்று ஆகும். வைகாசியில் ஓய்வு. பொய்க் கையெழுத்துப் போட்டவனுக்கு ஓய்வூதியம் கிடையாது. "அவசரப்படாதம்மா, ஒரு வழி பண்ணுறேன்," என்று மட்டும் சொன்னார்.

வழியும் பண்ணத்தான் பார்த்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலமே ரஃபீக்கை வரவழைத்து அந்தப் பெட்டியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார், நாற்காலிக்குத்தான் தெரியும்," என்றார் ரஃபீக். "ஆனா பெட்டிய மொத்தமா அழிச்சிரலாம். ஒரு நிமிஷ வேலை."

அப்போதுதான், பல மாதங்களுக்குப் பிறகு, அந்த மாடியில் மனிதக் குரல் கேட்டது. ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். அழித்தால் தன் கையில் உள்ள நானூறு மனுவை யார் பார்ப்பது என்று ஆ1 கேட்டார். தனக்கு விதிப்புத்தகமே மறந்துபோய்விட்டது என்றார் அ2. பிலோமினாவுக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஏதாவது செய்யலாம், அதற்காக ஓடுகிற வண்டியின் அச்சாணியைப் பிடுங்க முடியுமா என்றார் இ1. தில்லைக்கரசி மட்டும் பிலோமினாவுக்காக வாயைத் திறந்தாள். ஆனால் தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகப் போக வேண்டும், அவள் வேலை முழுதும் இ4-ல்தான் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "அப்ப நான் கிளம்புறேன்," என்றார் ரஃபீக்.

மறுநாள் பிலோமினா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் இ4-ல் உட்கார்ந்தாள். சூசைராஜ் போனதிலிருந்து ஒருவரும் உட்காராத நாற்காலி, கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டது. திறந்திருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தாள், தம்ளர் தண்ணீரைக் குடித்தாள். உடனே எட்டுத் திரைகளிலும் ஒரே மெயில் வந்து விழுந்தது: "அனுமதி பெறாத நபர் ஒருவர் இவ்விருக்கையில் அமர்ந்து பணிக்கு இடையூறு செய்கிறார். தக்க நடவடிக்கைக்கு. தங்கள் பணிவுள்ள, இ4." எட்டுப் பேரும் படித்தார்கள். நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில் அவள் இருந்தாள். ஒருவரும் எழவில்லை, போகச் சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. வைத்தியலிங்கம் இரண்டு விரலால் தட்டிப் பதில் அனுப்பினார்: "பார்த்தேன்." ஐந்து மணிக்கு எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். கடைசியில் அவள் எழுந்து, மேலே சுற்றிய விசிறியைத் தானே நிறுத்திவிட்டு, படியிறங்கினாள்.

மனு காலாவதியானது. நல்லவர்கள் அல்லவா, சும்மா விடுவார்களா? அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க ஒப்பந்த முறையில் ஒரு தற்காலிக ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்கள். அதற்கான குறிப்பையும் இ4-தான் எழுதியது, பத்து நிமிஷத்தில் எழுதியது, எட்டுப் பேரும் மனமார ஒப்பினார்கள். பிலோமினா ஒருநாள் முழுக்க யோசித்தாள். ரெஜினா அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை விளக்குமாற்றோடு வந்தாள். காலையில் தரையைப் பெருக்கி, மேசை நாற்காலி துடைத்து, ஒன்பது கம்ப்யூட்டர்களையும் பொத்தானை அழுத்தி உயிர்ப்பித்து வைப்பது அவள் வேலை.

வைகாசியில் வைத்தியலிங்கம் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், பொன்னாடை போட்டார்கள். விழாவில் அவர் கண்கலங்கி, வாழ்க்கையில் தான் கொடுத்த வாக்கு எதையும் மீறியதில்லை என்று பேசினார். அது உண்மைதான். இ4-ல் அவர் வேறு ஒருவரையும் உட்கார விடவில்லை. அவர் போன பிறகு, இடம் போய்விடக் கூடாதே என்று சூப்பிரண்டு நாற்காலிக்கு மேலும் விசிறியைப் போட்டு, பேனாவைத் திறந்து வைத்தார்கள். மறுநாளே அங்கிருந்து, "பார்த்தேன்" என்று பதில் வர ஆரம்பித்துவிட்டது. அடுத்து அ1 ஓய்வு பெற்றார், அந்த இருக்கையும் விழித்துக்கொண்டது. ஆ1 இறந்தார், ஊருக்கே சாப்பாடு போட்டார்கள், ஆ1 இருக்கை விடுப்பே எடுக்கவில்லை. தில்லைக்கரசி மகள் வீட்டோடு போய்விட்டாள், மற்ற நாலு பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒச்சப்பன் மட்டும் போனதோடு சரி, உதவியாளருக்கு நாற்காலி கிடையாது என்பதால் அவன் இடத்தில் எதுவும் முளைக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு இப்போதெல்லாம் நீல வயரையே நீட்டிவிட்டிருக்கிறார்கள். ஒன்பதுக்கு ஒன்பதும் பணியில், நிலுவை இல்லை என்று மாதம் தவறாமல் அறிக்கை போகிறது, பாராட்டுக் கடிதமும் வருகிறது. வற்றிய கிணறுகளுக்கு முன்னைவிட விரைவாகச் சான்று கிடைக்கிறது.

போன மாதம் வயர் ஒன்றை எலி கடித்துவிட்டது என்று ரஃபீக் பாயை அழைத்திருந்தார்கள். அழைத்தது எந்த இருக்கை என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் மாடியேறினார். தாடி நரைத்திருந்தது. உள்ளே பிலோமினா ஒருத்திதான் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாற்காலி, ஒன்பது விசிறி, ஒன்பது தம்ளர் தண்ணீர். ரஃபீக் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்குப் போய், தான் வைத்த பெட்டியின் முன்னால் குனிந்து, சுவரில் செருகியிருந்த பிளக்கில் கை வைத்தார்.

"தங்கச்சி, நான் விளையாட்டாச் செஞ்சது இது. நானே பிடுங்கிடுறேன்."

"வேணாம் பாய்."

"இதுங்கதானம்மா உன் இடத்தைத் தின்னுச்சு?"

"ஆமா." அவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "போன வருசம் நானும் ஒருநாள் இதுங்களப் போடாம விட்டுப் பார்த்தேன். மறுநாள் போட்டதும் மொத வேலையா, பெருக்குறவ பணில குறைபாடுன்னு இ4 எழுதுச்சு, பார்த்தேன்னு சூப்பிரண்டு எழுதுச்சு, அந்த மாசம் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. நீங்க ஒரேயடியாப் பிடுங்கிட்டுப் போயிருவீங்க. ஆபீஸே இல்லேன்னா அதைப் பெருக்குறதுக்கு ஆள் எதுக்கு? ரெஜினாவுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. இருக்கிற சோத்துலயும் மண்ணைப் போட்டுறாதீங்க."

ரஃபீக் பிளக்கிலிருந்து கையை எடுத்தார். கடிபட்ட வயரை மட்டும் மாற்றி, முனையை நசுக்கி, செருகினார். அவர் வேலை முடியும் வரை அவள் ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டே வந்தாள், கடைசியாக இ4. அதன் சாய்மானத்தையும் கைப்பிடியையும் சேலைத் தலைப்பால் துடைத்தாள், பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தாள், பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானது.

"வாங்க பாய், வெளிய போயிருவோம்," என்றாள். "ஆபீஸ் ஆரம்பிச்சிருச்சு."